பெரிய விராலும் தூண்டில் முள்ளும்

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு மீன் வருகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு அது. பாணன் ஒருவன் பச்சை இறைச்சியைத் தோல்பையில் போட்டுத் தோளில் மாட்டியிருக்கிறான். கையில் நீண்ட மூங்கில் கழி, கழி நுனியில் கயிறு, கயிற்றின் முனையில் வளைந்த இரும்பு முள், முள்ளை மறைத்து இரை. வாளை மீன் ஒன்று இரையைக் கவ்வுகிறது. ஆனால் முள்ளில் மாட்டாமல் தப்பிவிடுகிறது. அதற்கப்புறம் நீரோரத்துப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடினால்கூட அந்த மீன் மிரளுகிறது. அதையும் தூண்டில் கழி என்றே நினைத்துக்கொள்கிறது.

(இந்த வாளை, நம் மீன் அங்காடியில் நீளமாக, வெள்ளி நாடா போலத் தொங்கும் கடல் வாளை இல்லை. ஆற்றிலும் ஏரியிலும் வளரும் நன்னீர் வாளை. பெரிய வாய், பெரிய உடம்பு.)

தூண்டில் போட்டுப் பழகியவர்கள் இந்த இடத்தைப் படித்தால் சிரிப்பார்கள். தப்பிய மீன் சுலபத்தில் மறுபடி மாட்டாது என்பதும், அது பெரிய மீனாக இருந்தால் இன்னும் கஷ்டம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதை எழுதிய புலவர் ஏரிக்கரையில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நம் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பிள்ளைகள் செல்போனில் அமெரிக்காக்காரர்கள் 'பாஸ்' என்ற மீனை 'ஜிக்' என்ற தூண்டிலால் பிடிப்பதைப் பார்க்கிறார்கள். ஃபைபர் கழி, சுருள் ரீல், ரப்பர் தவளை எல்லாம் வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் நிற்கிறார்கள். பெரிய மீன் பிடிப்பது எப்படி என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அந்த வித்தை நம் ஊரிலேயே இருந்தது. அதன் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏரியும் மீனும்

நம் பகுதியில் பெரிய ஏரி ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வருகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் சொல்வார்கள்.

பாகூர் எவ்வளவு பழைய ஊர் என்பதற்குச் செப்பேடே இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் 9-ஆம் நூற்றாண்டில், தன் 8-ஆம் ஆட்சியாண்டில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஊர் விளைந்தால்தான் தானம் நிற்கும். ஏரி இருந்தால்தான் ஊர் விளையும்.

அந்தக் காலத்தில் ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று ஊர்ச்சபையில் தனிக்குழு உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையே எழுதியிருக்கிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கட்டும் வரியைக் கல்வெட்டுகள் 'பாசிப்பாட்டம்', 'மீன்பாட்டம்' என்கின்றன. அந்தப் பணத்தை ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் செலவிட்டது உண்டு. மீன் விற்ற காசு மீனின் வீட்டுக்கே திரும்பிப் போனது. இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நம் ஏரிகளில் கெண்டை, கெளுத்தி, அயிரை, உளுவை, குறவை என்று பலவகை மீன் உண்டு. ஆனால் தூண்டில்காரன் மனத்தில் இருப்பது விரால் ஒன்றுதான். பழைய நூல்களில் வரால். எங்கள் தெருவில் 'வெறா மீனு'. பாம்புத் தலை, உருண்ட உடம்பு, கருத்த முதுகு. தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஏரி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். வேட்டை மீன். தவளை, சின்ன மீன், பூச்சி எது நகர்ந்தாலும் பாயும்.

பெரியப்பாவின் பாடம்

எங்கள் பெரியப்பா ஒருவர் விரால் பிடிப்பதில் கெட்டிக்காரர். பகலில் நிலத்து வேலை, விடியலிலும் பொழுது சாயும்போதும் தூண்டில். தங்கூசி நரம்பு நம் பக்கம் வருவதற்கு முன்பு பருத்தி நூலை மூன்று இழையாக முறுக்கி வைத்துக்கொள்வார்களாம். நான் பார்த்தபோது அவரிடம் தடித்த தங்கூசி நரம்பு இருந்தது. கழி மட்டும் பழைய மூங்கில்.

மண்புழுவைக் குத்தி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி உட்காருவது சின்ன மீனுக்கு என்பார். விராலுக்கு அவர் உட்காரவே மாட்டார். கரையோரமாக நடப்பார். கோரைப் புல்லுக்கு நடுவே தட்டு அளவுக்குத் தண்ணீர் தெரியும் இடம், மதகு வாயின் நிழல், வாய்க்கால் ஏரியில் விழும் முனை, அல்லி இலையின் ஓரம் என்று பார்த்துக்கொண்டே போவார். இரையை அந்த ஓட்டையில் மெல்ல இறக்குவார். தானாக விழ விடுவார். பிறகு கழி நுனியை ஒரு விரற்கடை தூக்கி மறுபடி விடுவார். மூன்று தடவை. ஒன்றும் இல்லையென்றால் அடுத்த ஓட்டை.

ஒரு நாள் விரால் பாய்ந்த சத்தம் கேட்டதும் நான் "இழுங்க பெரியப்பா, இழுங்க!" என்று கத்தினேன். அவர் நகரவில்லை. நரம்பு ஒரு பக்கமாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் சுண்டினார். கைமுழம் நீளத்தில் மீன்.

"டேய் தம்பி, அது மொதல்ல கவ்வும். அப்புறம்தான் முழுங்கும். கவ்வும்போது இழுத்தா இரை மட்டும் வரும். திரும்பிப் போவும் பாரு, அப்ப இழுக்கணும்" என்றார்.

இன்னொரு பாடமும் சொன்னார். விரால் மூச்சு விட மேலே வந்து போனால் தண்ணீரில் வட்டம் போடும். சின்ன மீன் படக்கென்று வந்து படக்கென்று போகும். பெரிய மீன் மெதுவாக வந்து, முதுகைக் காட்டாமல், பெரிய வட்டமாக விட்டுப் போகும். வட்டம் போட்ட இடத்தில் இரையைப் போடக் கூடாது. அது போகும் திசையில் இரண்டு முழம் முன்னால் போட வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. பெரும்பாணாற்றுப்படை அவர் படித்ததில்லை.

அமெரிக்காவின் பாஸ்

பாஸ் மீன் வட அமெரிக்காவின் ஏரி, ஆறுகளில் வளர்வது. நம் விராலுக்கும் அதற்கும் உறவு ஒன்றுமில்லை. ஆனால் குணம் ஒன்று. பெரிய வாய், புல் மறைவு, பதுங்கியிருந்து பாய்தல். 1881-ல் ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் இந்த ஒரு மீனுக்காகவே தனிப் புத்தகம் எழுதினார். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி பிடித்த பாஸ் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பஞ்ச காலம். அந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்பார்கள். அந்தச் சாதனையை 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர்தான் எட்டிப் பிடித்தார்.

ஜிக் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. முள்ளின் கழுத்திலேயே ஈயத்தை வார்த்து, சுற்றிலும் ரப்பர் குஞ்சம் கட்டியிருப்பார்கள். பின்னால் மெத்தென்ற பிளாஸ்டிக் வால் ஒன்று. தண்ணீரில் விட்டால் கூன் இறால் மாதிரி ஏதோ ஒரு பிராணி அடியில் ஊர்வது போலத் தெரியும். பெரிய பாஸ் வேகமாக ஓடும் இரையைத் துரத்துவதைவிட, வாய்க்கு எதிரே விழும் கொழுத்த இரையையே விரும்பும். அதனால்தான் பெரிய மீன் வேண்டும் என்பவர்கள் ஜிக்கை நாடுகிறார்கள்.

அதைப் போடும் முறையைக் கேளுங்கள். மரக்கட்டை, புல்மேடு, படகுத் துறைக் கால் என்று மறைவின் ஓரம் பார்த்துச் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். நரம்பைக் கொஞ்சம் தளர விட்டு, ஜிக் நேராகக் கீழே விழ வேண்டும். பாதிக் கடி அது விழும்போதே வரும். அதனால் கண் நரம்பின்மேல் இருக்க வேண்டும். நரம்பு துள்ளினாலோ, பக்கவாட்டில் போனாலோ, தரை தொடுவதற்கு முன்பே தளர்ந்து நின்றுவிட்டாலோ மீன் வாயில் இருக்கிறது என்று பொருள். அடியில் தட்டியதும் கழி நுனியை மெல்லத் தூக்கி மறுபடி விழ விட வேண்டும். நரம்பு தடியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மீன் புல்லுக்குள் சுற்றிக்கொள்ளும்.

பெரியப்பா செய்ததற்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். ஜிக் செயற்கை என்பதால் பாஸ் உடனே துப்பிவிடும். தெரிந்த கணமே சுண்ட வேண்டும். உயிர் இரையை விரால் விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். ரப்பர் தவளை இரண்டுக்கும் நடுவில். விரால் பாய்ந்த சத்தம் கேட்டதும் இழுக்காமல், நரம்பில் கனம் தெரியும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுச் சுண்ட வேண்டும். சத்தத்துக்கு இழுப்பவன் கையில் வெறும் ரப்பர்தான் திரும்பி வரும்.

பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஓரம் பார், மெதுவாக இறக்கு, விழ விடு, நரம்பைப் பார், பொறு. ஆனால் இவ்வளவும் தெரிந்தும் இன்று பாகூர் ஏரிக்கரையில் பெரிய விரால் கிடைப்பது அரிதாகிவிட்டது. அது ஏன் என்பதுதான் கதையின் அடுத்த பகுதி.

குஞ்சு காக்கும் மீன்

விரால் மற்ற மீன்களைப் போல முட்டையை விட்டுவிட்டுப் போகாது. புல்லை விலக்கிக் கூடு மாதிரி இடம் செய்து முட்டையிட்டு, பொரித்த பிறகும் கூடவே இருக்கும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக மேல்மட்டத்தில் மொய்க்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் குங்குமம் கொட்டிய மாதிரி இருக்கும். அதற்குக் கீழே பெரிய மீன் காவல் நிற்கும். தவளையோ வேறு மீனோ கிட்டே வந்தால் பாய்ந்து கடிக்கும். அது பசியில் கடிக்கும் கடி இல்லை.

ஏரியிலேயே மிகப் பெரிய விராலைச் சுலபமாகப் பிடிக்க வேண்டுமென்றால் இதுதான் நேரம். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே இரையைப் போட்டால் போதும். எத்தனை கெட்டிக்கார மீனாக இருந்தாலும் தன் குஞ்சை விட்டு ஓடாது. மலேசியாவிலும் தாய்லாந்திலும்கூடத் தூண்டில்காரர்கள் இந்த வழியை அறிவார்கள்.

பெரியப்பா இதைச் செய்ய மாட்டார். குஞ்சு மொய்ப்பதைக் கண்டால் கழியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் நடப்பார். நான் ஒரு முறை காட்டிக் கேட்டேன்.

"அது தாய் விராலுடா. அதை எடுத்தா அந்தக் குஞ்சு அத்தனையும் குறவைக்கும் கெளுத்திக்கும் சோறு. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அவர் பாவ புண்ணியம் பேசவில்லை. கணக்குப் பேசினார். ஊரில் எல்லோரும் இதைக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கரையில் நிற்கும் பெரியவர்கள், தாய் விராலை எடுத்தவனை நாலு வார்த்தை கேட்பார்கள். அந்த வெட்கம் ஒரு சட்டம் மாதிரி வேலை செய்தது.

பாஸ் மீனும் இதே போலத்தான். ஆண் பாஸ் கூட்டைக் காவல் காக்கும். அதைப் பிடித்துவிட்டால் சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். இதனால்தான் வட அமெரிக்காவில் சில இடங்களில் கூடுகட்டும் காலத்தில் பாஸ் பிடிக்கத் தடை வைத்தார்கள். அமெரிக்காவில் பாஸ் பந்தயங்களைப் பெரிய அளவில் நடத்திய ரே ஸ்காட் என்பவர் 1972-ல், பந்தயத்தில் பிடித்த மீனை உயிரோடு எடைபோட்டு ஏரியில் திரும்ப விட வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தார். மீனை விடுவதா என்று முதலில் சிரித்தவர்கள் உண்டு. இன்று அங்கே அதுதான் நடைமுறை.

நமக்கு இது புதிதா? நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் தினமும் வலையில் வரும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரே ஒரு மீன் வந்த நாட்களிலும் அதையும் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்மீன் வந்தபோதும் விட்டார். அவர் விட்டது பக்திக்காக. ஆனால் பிடித்த மீனைத் தண்ணீரில் திரும்ப விடுவது மீனவருக்கு அடுக்காத செயல் என்று நம் மரபு நினைக்கவில்லை. அவரை அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம்.

வெள்ளைக்காரர் எழுதிய குறிப்பு

சென்னை மாகாணத்தில் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சிவில் அதிகாரி இருந்தார். தூண்டில் பைத்தியம். 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகமும், 1887-ல் நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு புத்தகமும் எழுதினார். கெண்டைக்கும் விராலுக்கும் தனிப் புத்தகமா என்று வியக்கலாம். ஏரி மீனை அவ்வளவு மதித்திருக்கிறார்.

அவரும், இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே என்பவரும் அரசாங்கத்திடம் சொன்ன முறையீடு ஒன்று உண்டு. சின்னக் கண் வலையாலும், வாய்க்காலில் வைக்கும் பொறிகளாலும், தண்ணீரில் நஞ்சு கலப்பதாலும் குஞ்சு மீன்கள் அழிகின்றன என்பதே அது. கடைசியில் 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் ஆயிற்று. பாகூரும் வில்லியனூரும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தச் சட்டத்தின் எல்லை நமக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஆனால் மீனுக்கு எல்லை தெரியாது. தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் வரும் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது.

விரால் எதிரியான கதை

விராலுக்குக் கெட்ட காலம் நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் அலிக்குன்ஹியும் ஊசி போட்டுக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார்கள். இன்றும் அந்த நாளைத் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆற்றில் குஞ்சு பொறுக்க வேண்டிய அவசியம் போய், கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் நாடு முழுக்கக் கிடைத்தன. ஏழைக்கும் மீன் கிடைத்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கட்லாக் குஞ்சு விடும் குளத்தில் விரால் இருந்தால் குஞ்சைத் தின்றுவிடும். அதனால் வளர்ப்பு முறை சொல்லும் கையேடுகளில் முதல் வேலையே 'வேட்டை மீன்களை ஒழித்தல்'. அதற்கு இலுப்பைப் புண்ணாக்கு ஹெக்டேருக்கு 2500 கிலோ என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இலுப்பைப் புண்ணாக்கின் நஞ்சு மீனைக் கொல்லும். சில வாரத்தில் அதுவே எருவாகும். குத்தகைக்குக் குளம் எடுத்தவருக்கு விரால் என்றால் திருடன். ஒரு காலத்தில் ஏரியின் ராஜா, பிறகு களை.

1952-ல் பாங்காக்கிலிருந்து மண்டபம் வந்த திலேப்பியா, நம் வாயில் 'ஜிலேபி' ஆகி எல்லாக் குளத்திலும் பெருகியது. சட்டென்று முட்டையிடும், எதையும் தின்னும். விராலுக்கு ஜிலேபிக் குஞ்சு நல்ல இரைதான். ஆனால் முட்டையும் குஞ்சும் இருக்கும் இடத்தில் அது பெரிய தொல்லை. பிறகு ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தது. 2000-ல் அதை வளர்க்கத் தடை போட்டார்கள். தடைக்கு முன்பே அது வாய்க்கால்களில் இறங்கிவிட்டது.

நடுவே ஒரு நோய். 1988-ல் வடகிழக்கு இந்தியாவில் புகுந்த புண்நோய் சில ஆண்டுகளில் தெற்கே வந்தது. மீன் உடம்பில் சிவப்புப் புண், பிறகு குழி, பிறகு சாவு. அதிகம் அடிபட்டது விரால் இனம்தான். அந்த வருடங்களில் சந்தையில் விராலைத் தொடவே மக்கள் பயந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஏரியே மாறியது. வயலில் தெளித்த பூச்சிமருந்து மதகு வழியாக இறங்கியது. ஆகாயத்தாமரை மூடியது. வரத்து வாய்க்கால் தூர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-ல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் நம் பகுதியின் 84 ஏரிகளைச் சீர்படுத்த முயன்றார்கள். கரையும் மதகும் பல இடங்களில் பலப்பட்டன. ஊசுட்டேரி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரி பிழைக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு வழி.

ஆனால் நான் முதலில் மனத்தில் வைக்கச் சொன்ன ஏற்பாடு, மீன் காசு ஏரிக்கே திரும்புவது, பெரும்பாலும் அறுந்துபோனது. குத்தகை ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு. அதற்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். ஒரு விரால் நல்ல பெரிய விரால் ஆக அதைவிட அதிக காலம் வேண்டும். யார் காத்திருப்பார்கள்?

இப்போது கரையில் நிற்பவர்களுக்கு

ரப்பர் தவளை வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. உயிர்த் தவளையைக் குத்துவது நின்றது. தவளைக் காலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து வயல் தவளைகளே குறைந்துபோய், 1987-ல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது பலருக்குத் தெரியாது. தவளை குறைந்தால் பூச்சி கூடும்; பூச்சி கூடினால் மருந்து கூடும்; மருந்து கூடினால் மீன் போகும். எல்லாம் ஒரே சங்கிலி.

தூண்டிலோடு நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது சில விஷயங்கள்தான். சரணாலயத்துக்குள் தூண்டிலோடு போகாதீர்கள். ஏலம் போன குளம் என்றால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். முள்ளின் நாக்கை, அதாவது பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரை, குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை விட வேண்டியிருந்தால் வாய் கிழியாமல் கழற்றலாம். நரம்பை எப்போதும் இறுக்கமாக வைத்திருந்தால் நாக்கில்லாத முள்ளிலும் மீன் தப்பாது. அறுந்த தங்கூசி நரம்பைக் கரையில் போடாதீர்கள். கொக்கு, நாரை கால்களில் சுற்றிக்கொள்கிறது.

குழம்புக்கு வேண்டுமென்றால் நடுத்தர மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ருசியும் அதில்தான். மிகப் பெரியதை ஈரக் கையால் பிடித்து, வேண்டுமென்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, தண்ணீரில் விடுங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். கரையில் சில நிமிடம் தாங்கும். ஆனால் வெயில் தரையில் போட்டுப் புரட்டினால் உடம்பின் வழவழப்பு போய்ப் புண் வரும்.

செம்மஞ்சள் குஞ்சு மொய்ப்பதைப் பார்த்தால் மட்டும் தயவுசெய்து கழியைச் சுருட்டிவிடுங்கள். அந்த மீனைப் பிடிக்கத் திறமை எதுவும் வேண்டாம். கோரை ஓரத்தில் நிழல் விழாமல் நின்று, இரையை விழ விட்டு, நரம்பைப் பார்த்துப் பொறுத்துப் பிடிப்பதுதான் திறமை.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வடகிழக்குப் பருவமழையில் பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வரும்போது, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள். தாய் விரால் எப்படி இருக்கும், குஞ்சு எப்படி மொய்க்கும் என்று காட்டுங்கள். அதைப் பிடிப்பவனை நாலு வார்த்தை கேட்க முன்பு பெரியவர்கள் கரையில் இருந்தார்கள். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. நாம்தான் போய் நிற்க வேண்டும். உங்கள் ஊர் ஏரியில் கடைசியாக எந்த வருடம் குஞ்சு மொய்த்ததைப் பார்த்தீர்கள், எந்தப் பக்கத்துக் கரையில் என்று எழுதி அனுப்பினால் ஊர் வாரியாகத் தொகுத்து வைப்பேன்.